பெரியப்பாவின் ஸ்கேனும் 1950ம்

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரியப்பாவுக்கு மூளையில ரத்தக்கசிவு. வலது கை, கால் வரலை, கிள்ளினாலும் தெரியலை. சி.டி. படத்துல இடது பக்கம் வெள்ளையா ஒரு திட்டு. "கை திரும்ப வருமா?"ன்னு பெரியம்மா கேட்டதுக்கு அந்தப் படத்துல பதில் இல்லை. அதான் தேடிப் படிச்சேன்.

1950ல சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையை ஆரம்பிச்சார். அப்ப முதல்வர் நம்ம ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா (ஊர்ப்பெருமை, கண்டுக்காதீங்க :-)). கசிஞ்ச ரத்தத்தை நேரா பார்க்க அன்னிக்கு வழியே கிடையாது. ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்து, குழாய் விலகியிருக்கிறதை வச்சு ஊகிக்கணும். 1971ல லண்டன்ல ஹவுன்ஸ்ஃபீல்டோட சி.டி. வந்த பிறகுதான் ரத்தம் வெள்ளையாத் தெரிஞ்சுது.

ஆனா கையை அசைக்கிற பாதையும் தொடுவுணர்வு வர்ற பாதையும் மூளை நடுவுல ரொம்ப நெருக்கமாப் போகுது. கசிவு அதை அறுத்துச்சா, சும்மா தள்ளி வச்சுதான்னு சி.டி. சொல்லாது. 1994ல பாஸர், மட்டியெல்லோ, லெ பிஹான் மூணு பேரும் எம்.ஆர்.ஐ.யில தண்ணி எந்தத் திசையில நகருதுன்னு அளக்க வழி சொன்னாங்க. நரம்பிழை ஓடுற திசையில தண்ணி சுலபமா நகரும். இழை சிதைஞ்சா அந்த ஒழுங்கு குலையும். ராஜபாளையம் நூல்மில் பக்கம் வளர்ந்தவங்களுக்கு சட்டுனு புரியும், நூலா பஞ்சான்னு.

அந்த ஸ்கேன் அடுத்த வாரம், மதுரையில. நேத்து கட்டைவிரல் லேசா அசைஞ்சுதாம்.