இராமலிங்க விலாசம் சுவரோவியங்கள்

இராமலிங்க விலாசம் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் நகரில், சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்தினுள் அமைந்துள்ள கட்டடம் ஆகும். இதன் கீழ்த்தளம் கொலு மண்டபமாகவும் மேல்தளம் மன்னரின் தனி அறையாகவும் விளங்கின. உட்சுவர்கள், தூண்கள், வளைவுகள், விதானம் என எங்கும் வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. தமிழகத்தில் எஞ்சியுள்ள பழைய சுவரோவியங்களுட் பெரும்பாலானவை கோயில்களைச் சேர்ந்தவை. மன்னர் வாழ்ந்த இல்லம் ஒன்றின் உட்புற அலங்காரம் இவ்வளவு விரிவாக நிலைத்திருப்பது அரிது. போடிநாயக்கனூர் அரண்மனையின் இலட்சுமி விலாசம் இவ்வகையில் குறிப்பிடத்தக்க மற்றொன்று.

வரலாறு

சேதுபதிகளின் தலைநகரம் முதலில் போகலூரில் இருந்தது. அதனை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி இக்கட்டடத்தை எழுப்பினார். ஓவியங்கள் அவருக்குப் பின் ஆண்ட முத்து விசய ரகுநாத சேதுபதியின் காலத்தவை (1713–1725). காட்சிகளில் திரும்பத் திரும்ப வரும் மன்னர் உருவம் இவருடையதே.

ஓவியங்கள்

கீழ்த்தளத்தில் இராமாயண, பாகவதக் காட்சிகளும் வைணவத் திருத்தலங்களும் இடம்பெற்றுள்ளன. அவற்றுடன் தஞ்சை மராட்டியருடன் நிகழ்ந்த போர், ஐரோப்பியர் மன்னரைச் சந்தித்தல் போன்ற சமகால நிகழ்வுகளும் உள்ளன. இவற்றுள் முதன்மையானது மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினாபிசேகம் செய்யும் காட்சியாகும். சேதுபதிகள் முன்னர் மதுரைக்கு உட்பட்டிருந்தவர்கள். இராணி மங்கம்மாள் காலத்தில் கிழவன் சேதுபதி மதுரைப் படையை முறியடித்தார். அந்த மதுரையின் மன்னரே தம்மைச் சிறப்பிப்பதாகக் கொலு மண்டபத்தில் வரையச் செய்தது வெறும் அழகுக்காக அன்று. அவைக்கு வருவோர் அனைவரும் அதனைக் கண்டாக வேண்டும்.

மேல்தளத்தின் போக்கு வேறு. அங்கே மன்னர் அரண்மனைப் பெண்டிருடன் பொழுது கழிப்பதும் காதல் காட்சிகளும் தீட்டப்பட்டுள்ளன. ஊரார்க்குரியவை கீழே, தமக்குரியவை மேலே எனப் பிரித்தே அலங்கரித்துள்ளனர்.

சுண்ணச் சாந்துப் பூச்சின் மீது நாயக்கர் கால மரபில் இவை வரையப்பட்டுள்ளன. சிவப்பு வண்ணம் மேலோங்கியுள்ளது. உருவங்கள் கருங்கோட்டால் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆடைகளின் பூவேலைப்பாடும் அணிகலன்களும் நுணுக்கமாகக் காட்டப்பட்டிருப்பதால், அக்கால உடை, துணி வடிவமைப்பு ஆகியவற்றை அறியவும் இவை உதவுகின்றன.

பிற்காலம்

1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறையிலடைத்தது. 1798 செப்டம்பரில் கலெக்டர் சாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனைச் சந்தித்தது இக்கட்டடத்தில்தான். அன்று மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்.

தற்பொழுது இது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கடற்கரை மாவட்டமாதலால் ஈரமும் உப்பும் பெருந்தொல்லை. சாந்தில் ஊறிய உப்பு காயும்போது வெளியேறி வண்ண அடுக்கைப் பெயர்த்துவிடும். பல காட்சிகள் ஏற்கெனவே மங்கியும் உதிர்ந்தும் உள்ளன. உதிர்ந்த இடத்தில் புதிதாக வண்ணம் தீட்டினால் சுவர் அழகாகலாம். ஆயின் மூலக் கோடுகள் மறைந்துவிடும்.