டிரங்க் போர்ட் (மேகக் கணிமை)

டிரங்க் போர்ட் என்பது, மேகக் கணிமையில் இயங்கும் ஒரு மெய்நிகர் கணினியை ஒரே இணைப்பு முனையின் வழியாகப் பல வலையமைப்புகளோடு சேர்க்கும் ஏற்பாடாகும். மெய்நிகர் கணினி என்பது ஒரு பெரிய சர்வரின் செயலியிலும் நினைவகத்திலும் ஒரு பங்கைப் பெற்று, தனிக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள் வடிவக் கணினி. போர்ட் என்பது அதன் வலையமைப்பு அட்டை மேகத்தின் வலையமைப்போடு சேரும் இடம். வழக்கமான ஏற்பாட்டில் ஒரு போர்ட் ஒரு வலையமைப்புக்கு மட்டுமே உரியது. டிரங்க் போர்ட்டிலோ, முதன்மை வலையமைப்பு ஒன்றைத் தவிர மற்றவற்றின் ஒவ்வொரு தரவுச் சட்டகமும் தான் எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் ஓர் எண்ணைச் சுமந்து செல்வதால், பல வலையமைப்புகளின் போக்குவரத்து ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே வழியில் சென்றுவர முடிகிறது. திறந்த மூல மேக மென்பொருளான ஓப்பன்ஸ்டேக்கில் இவ்வசதி 2016 அக்டோபரில் வெளியான நியூட்டன் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பின்னணி

ஒரே கம்பியில் பல வலையமைப்புகளைத் தனித்தனியே நடத்தும் கருத்து மேகக் கணிமையைவிட மூத்தது. 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி மேற்கொண்ட பணியிலிருந்து வளர்ந்த விலான் எனப்படும் மெய்நிகர் உள்வலையமைப்பு, ஒரே சுவிட்சில் இணைந்துள்ள கணினிகளையும் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் பொது அறிவிப்புகள் மற்றொரு குழுவுக்குச் செல்லாதபடி தடுத்தது. இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் கம்பி எல்லாக் குழுக்களின் சட்டகங்களையும் சுமக்க வேண்டியிருந்ததால், அக்கம்பிக்கு டிரங்க் என்ற பெயர் நிலைத்தது. தொடக்கத்தில் நிறுவனங்கள் தத்தம் முறைகளில் இதைச் செய்துவந்தன; 1998-இல் ஐஇஇஇ அமைப்பு வெளியிட்ட 802.1கியூ தரநிலை, எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றின் குறியைப் படித்தறியும்படி ஒரு பொது வடிவத்தை வகுத்தது.

அத்தரநிலையின் இன்றைய வடிவத்தின்படி, ஈதர்நெட் சட்டகத்தில் அனுப்புநரின் முகவரிக்கு அடுத்து 4 பைட் நீளமுள்ள ஒரு குறி செருகப்படுகிறது. அதன் முதல் 2 பைட்டுகள் இது விலான் குறி என்று தெரிவிக்கும் நிலையான மதிப்பைக் கொண்டிருக்கின்றன. எஞ்சிய 16 பிட்டுகளில் 3 பிட்டுகள் முன்னுரிமையையும், 1 பிட் நெரிசலின்போது அச்சட்டகத்தைக் கைவிடலாமா என்பதையும், 12 பிட்டுகள் விலான் எண்ணையும் குறிக்கின்றன. 12 பிட்டுகளால் 4,096 எண்களை எழுத முடியும். அவற்றுள் முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால், ஒரு வலையமைப்பில் 4,094 விலான்கள் மட்டுமே இருக்க முடியும். ஒரு கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ இந்த எண்ணிக்கை தாராளம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் பல வலையமைப்புகளை உருவாக்கும் மேகத்துக்கு அது போதாது. ஆகவே பெரிய மேகங்கள் சர்வர்களுக்கு இடையே விஎக்ஸ்லான் போன்ற உறையிடும் முறைகளைப் பயன்படுத்துகின்றன. 2014-இல் ஆர்எஃப்சி 7348 ஆவணத்தில் விவரிக்கப்பட்ட விஎக்ஸ்லான், முழுச் சட்டகத்தையும் வேறொரு பொட்டலத்துக்குள் வைத்து, 24 பிட் எண் ஒன்றால் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் வலையமைப்புகளைப் பிரித்தறிகிறது.

தேவை

ஃபயர்வால், ரவுட்டர், பளு பகிர்வி போன்ற வலையமைப்புப் பணிகள் முன்பு தனிக் கருவிகளில் நடந்தன. 2012-இல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூடி ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சியின் கீழ் இப்பணிகளை மெய்நிகர் கணினிகளுக்கு மாற்றும் முயற்சியைத் தொடங்கியபோது, ஒரே மெய்நிகர் கணினி பத்து அல்லது நூறு வலையமைப்புகளில் காலூன்ற வேண்டிய நிலை வந்தது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு மெய்நிகர் அட்டை என்ற பழைய வழியில், அட்டைகளைச் செருகுவதற்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. மரபான பிசிஐ பாட்டை ஒன்றில் 32 இடங்களே உள்ளன, அவற்றிலும் வட்டு, திரை முதலியவற்றுக்குப் பங்கு போய்விடுகிறது. புதிய வலையமைப்பு சேரும்போதெல்லாம் புதிய அட்டையைச் செருகி, இயங்குதளம் அதைக் கண்டறியச் செய்வதும் தொல்லையான வேலை. மேலும், இயற்பியல் சுவிட்சுகளோடு விலான் குறிகளின் மூலம் பேசிப் பழகிய மென்பொருள்கள், மேகத்துக்குள் வந்தபின் தம் குறிகள் பொருளற்றுப்போவதைக் கண்டன. மேகத்தின் வலையமைப்பு அக்குறிகளை அறியாததே அதற்குக் காரணம்.

உறுப்புகள்

ஓப்பன்ஸ்டேக் 2010-இல் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் இணைந்து தொடங்கிய திட்டம். அதன் வலையமைப்புப் பகுதி முதலில் குவாண்டம் என்று அழைக்கப்பட்டு, 2013-இல் நியூட்ரான் என்று பெயர் மாறியது. நியூட்ரானில் ஒரு டிரங்க் என்பது ஒரு தாய்ப் போர்ட்டும், அதனோடு சேர்ந்த துணைப் போர்ட்டுகளும் கொண்ட தொகுதி. மெய்நிகர் கணினியின் அட்டையில் நேரடியாகப் பொருந்துவது தாய்ப் போர்ட் மட்டுமே. அதன் சொந்த வலையமைப்பின் சட்டகங்கள் குறியின்றிச் செல்கின்றன. துணைப் போர்ட் ஒவ்வொன்றும் வேறொரு வலையமைப்பைச் சேர்ந்தது. அதற்கென ஓர் ஐபி முகவரி, வலையமைப்பு அட்டையை அடையாளம் காட்டும் ஒரு மேக் முகவரி, பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றோடு, அந்த டிரங்குக்குள் அதைச் சுட்டும் ஒரு விலான் எண்ணும் தரப்படுகிறது. ஒரு டிரங்கில் துணையாக உள்ள போர்ட் மற்றொரு டிரங்குக்குத் தாயாக இருக்க முடியாது. மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே துணைப் போர்ட்டுகளைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும் என்பது இந்த அமைப்பின் முதன்மையான வசதி.

இதில் ஊன்றி நோக்க வேண்டியது, விலான் எண்ணின் எல்லை. இயற்பியல் வலையமைப்பில் 30 என்ற எண் வளாகம் முழுவதிலும் ஒரே பொருளைக் கொண்டது. அதை மாற்ற வேண்டுமானால் எல்லாச் சுவிட்சுகளிலும் மாற்ற வேண்டும். நியூட்ரானில் அந்த எண் அந்த டிரங்குக்குள் மட்டுமே செல்லுபடியாகிறது. ஒரு மெய்நிகர் கணினிக்கு 30 என்பது ஒரு வலையமைப்பாகவும், பக்கத்துக் கணினிக்கு அதே 30 முற்றிலும் வேறொன்றாகவும் இருக்கலாம். எண்ணையும் வலையமைப்பையும் இவ்வாறு பிரித்ததனால்தான், ஒருவரையொருவர் அறியாத பல வாடிக்கையாளர்கள் ஒரே மேகத்தில் தத்தமக்கு வசதியான எண்களைத் தாமே வைத்துக்கொள்ள முடிகிறது.

இயங்கும் முறை: ஒரு வளாக எடுத்துக்காட்டு

பல நிர்வாகங்கள் ஒரே இடத்தில் அமைந்த வளாகத்தைக் கொண்டு இதை விளக்கலாம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அத்தகைய வளாகத்துக்குத் தக்க மாதிரி. கல்வித் துறைகள், 1979-இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி, தேர்வுப் பிரிவு, 1985-இல் தோன்றிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, அதன் மருத்துவமனை ஆகியவை அங்கு அருகருகே வளர்ந்தன. 2021-இல் மருத்துவக் கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து சுகாதாரத் துறையின் பொறுப்புக்கு மாறியது. இத்தகைய வளாகம் ஒன்றுக்கு ஓப்பன்ஸ்டேக் மேகம் அமைத்து, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான ஒரு ஃபயர்வாலை மெய்நிகர் கணினியாக நிறுவுவதாகக் கொள்வோம். நிர்வாக வலையமைப்பு தாய்ப் போர்ட்டிலும், தேர்வுப் பிரிவு 10, தொலைநிலைக் கல்வி 20, மருத்துவமனை 30 என்ற எண்களில் துணைப் போர்ட்டுகளிலும் இணைகின்றன.

ஃபயர்வால் மருத்துவமனையின் பதிவேட்டுச் சர்வருக்கு ஒரு சட்டகத்தை அனுப்பும்போது, அதன் இயங்குதளம் 30 என்ற குறியை இட்டு ஒரே அட்டையின் வழியே வெளியே விடுகிறது. ஓப்பன் வி-சுவிட்ச் என்னும் மென்பொருள் சுவிட்சைப் பயன்படுத்தும் சர்வரில், ஒவ்வொரு டிரங்குக்கும் தனியே பிரிட்ஜ் எனப்படும் ஒரு சிறு மெய்நிகர் சுவிட்ச் உருவாக்கப்பட்டிருக்கும். அங்கு 30 என்ற குறி படிக்கப்பட்டு, நீக்கப்பட்டு, சட்டகம் மருத்துவமனைக்குரிய உள் இணைப்பின் வழியே சர்வரின் பொதுப் பிரிட்ஜுக்குச் செல்கிறது. பொதுப் பிரிட்ஜ் அந்தச் சர்வருக்குள் மட்டும் பொருந்தும் மற்றோர் எண்ணை, 7 என்று கொள்வோம், அதற்கு இடுகிறது. பதிவேட்டுச் சர்வர் வேறு இயந்திரத்தில் இருந்தால், 7 என்பது மேகம் முழுவதற்கும் பொதுவான விஎக்ஸ்லான் எண்ணாக மாற்றப்பட்டு, சட்டகம் உறையிடப்பட்டுக் கம்பியில் செல்கிறது. மறுமுனையில் உறை பிரிக்கப்பட்டு, அந்த இயந்திரத்துக்குரிய வேறொரு உள் எண்ணைப் பெற்று, இறுதியில் எந்தக் குறியும் இல்லாமல் பதிவேட்டுச் சர்வரைச் சென்றடைகிறது. பதிவேட்டுச் சர்வருக்கு டிரங்க் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. டிரங்கில் பதிவு செய்யப்படாத 40 போன்ற ஓர் எண்ணை இட்டு ஃபயர்வால் அனுப்பும் சட்டகம் எந்த வலையமைப்பையும் அடையாது.

நிர்வாகம் பிரியும்போது இந்த அமைப்பின் பயன் தெளிவாகிறது. மருத்துவமனைக்குத் தனி ஃபயர்வால் ஏற்பட்டால், 30 என்ற துணைப் போர்ட்டை மட்டும் விலக்கினால் போதும். தேர்வுப் பிரிவும் தொலைநிலைக் கல்வியும் நொடியளவும் தடைப்படாமல் இயங்கிக்கொண்டிருக்கும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

டிரங்கை உருவாக்கியதும் மெய்நிகர் கணினிக்குள் எல்லாம் தானாக அமைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு விலான் எண்ணுக்கும் உரிய துணை இடைமுகத்தை இயங்குதளத்துக்குள் நிர்வாகியே உருவாக்க வேண்டும். லினக்ஸில் அப்படி உருவாகும் இடைமுகம் தாய் அட்டையின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்கிறது. நியூட்ரானோ துணைப் போர்ட்டுக்கு வேறொரு மேக் முகவரியைத் தந்திருக்கும். போலி முகவரிகளைத் தடுக்கும் போர்ட் பாதுகாப்பு விதி, பதிவில் இல்லாத முகவரியிலிருந்து வரும் சட்டகங்களை ஓசையின்றிக் கைவிடுவதால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியும் இணைப்பு வேலை செய்யாது. இரண்டு முகவரிகளையும் ஒன்றாக்குவதே தீர்வு: துணைப் போர்ட்டை உருவாக்கும்போதே தாயின் முகவரியைக் கொடுக்கலாம், அல்லது இடைமுகத்தின் முகவரியைத் துணைப் போர்ட்டுக்கு ஏற்ப மாற்றலாம்.

சட்டகத்தின் உச்ச அளவும் கவனிப்புக்குரியது. துணைப் போர்ட்டின் வலையமைப்பு அனுமதிக்கும் அளவு தாய்ப் போர்ட்டின் அளவைவிடப் பெரிதாக இருத்தல் கூடாது. அவ்வாறு இருந்தால் நியூட்ரான் அதை ஏற்க மறுக்கிறது. ஓப்பன் வி-சுவிட்ச் இயக்கியில் மெய்நிகர் கணினியைத் தொடங்குவதற்கு முன்பே தாய்ப் போர்ட்டை வைத்து டிரங்கை உருவாக்கிவிட வேண்டும். ஏற்கெனவே கணினியில் பொருந்திய சாதாரணப் போர்ட்டைப் பின்னர் டிரங்காக்க அது இடந்தருவதில்லை. பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தும் இயக்கிகளுள் ஐபிடேபிள்ஸ் கலப்பு ஃபயர்வால் இயக்கி துணைப் போர்ட்டுகளின் போக்குவரத்தை வடிகட்டுவதில்லை என்பதால், டிரங்குகளைப் பயன்படுத்தும் மேகத்தில் ஓப்பன் வி-சுவிட்சின் சொந்த ஃபயர்வால் இயக்கியைத் தேர்ந்தெடுப்பது கட்டாயம். இல்லையேல் பாதுகாப்பு விதிகள் ஏட்டில் மட்டுமே இருக்கும்.

பயன்பாடுகள்

தொலைத்தொடர்புப் பணிகளுக்கு அடுத்து, கன்டெய்னர்களை இயக்கும் மெய்நிகர் கணினிகளில் டிரங்க் போர்ட் பெரிதும் உதவுகிறது. கன்டெய்னர் என்பது ஒரு பயன்பாட்டு மென்பொருளையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி, இயங்குதளத்தைப் பகிர்ந்துகொண்டு இயங்கும் அலகு. குபெர்னெட்டிஸ் போன்ற மென்பொருள்கள் ஒரே மெய்நிகர் கணினியில் பல கன்டெய்னர்களை நொடிக்கு நொடி தோற்றுவித்து நீக்குகின்றன. ஓப்பன்ஸ்டேக்கின் கூரியர் திட்டம் இவ்வாறு உள்ளமைந்த கன்டெய்னர் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் போர்ட்டை ஒதுக்கி, அதற்குத் தனி ஐபி முகவரியும் தனிப் பாதுகாப்பு விதிகளும் கிடைக்கச் செய்தது. இதனால் உறைக்குள் உறையிட வேண்டிய தேவை நீங்கியது.

பிற மேகங்கள் இதே தேவையை வேறு வழிகளில் நிறைவேற்றுகின்றன. அமேசான் வலைச் சேவைகள் 2019-இல் தன் கன்டெய்னர் சேவைக்காக, ஒரு டிரங்க் இடைமுகத்தின்கீழ்க் கிளை இடைமுகங்களை அமைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் அஸூர், தன் மெய்நிகர் வலையமைப்புகளில் வாடிக்கையாளரின் விலான் குறிகளை ஏற்பதில்லை. அங்கு பல வலையமைப்புகள் வேண்டுவோர் பல மெய்நிகர் அட்டைகளையோ வழிச்செலுத்தும் விதிகளையோ நாட வேண்டும்.

பாதுகாப்பும் மதிப்பீடும்

டிரங்க் போர்ட் செலவையும் உழைப்பையும் குறைப்பது உண்மை. ஆனால் அது வலையமைப்புகளைப் பிரித்துக் காக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை மேகத்திடமிருந்து மெய்நிகர் கணினிக்குக் கைமாற்றுகிறது. துணைப் போர்ட்டுகளின் பாதுகாப்பு விதிகள் தனித்தனியே இயங்கினாலும், அந்தக் கணினியே ஊடுருவப்பட்டால் அது தொட்டுள்ள எல்லா வலையமைப்புகளும் ஒரே நேரத்தில் தாக்குதலுக்கு உள்ளாகும். நோயாளிகளின் பதிவேடும் தேர்வு மதிப்பெண்களும் ஒரே ஃபயர்வாலைக் கடந்து செல்லும் வளாகத்தில் இது சிறிய இடர் அன்று. ஆகவே, வலையமைப்புகளுக்கு நடுவே நின்று அவற்றைக் காப்பதையோ இணைப்பதையோ தன் பணியாகக் கொண்ட கணினிக்கு மட்டும் டிரங்கைத் தருவதும், ஒரே வலையமைப்பில் வேலை செய்யும் கணினிக்குச் சாதாரணப் போர்ட்டையே தருவதும், பயன் முடிந்த துணைப் போர்ட்டை அன்றே நீக்கிவிடுவதும் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம்.