பார்சல் உடைந்தால் பொறுப்பு யாருடையது?

இணையச் சந்தையில் மண்பொம்மை விற்கும் என் பழைய மாணவி ஒருத்தி, வழியில் உடைந்துபோன பொம்மைக்கு நஷ்டஈடு யார் தருவார் என்று கேட்டாள். நான் 1898-ஆம் ஆண்டின் இந்தியத் தபாலாபீஸ் சட்டத்தைப் புரட்டினேன். தபாற்பொருள் தொலைந்தாலும் சேதமுற்றாலும், வெளிப்படையாக ஏற்றுக்கொண்டாலன்றிச் சர்க்காருக்குப் பொறுப்பில்லை என்றது 6-ஆம் பிரிவு. கடுமையான வாசகந்தான்! எனினும் 30-ஆம் பிரிவு இன்ஷூர் செய்ய வழி திறந்தது. 33-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு அனுப்பியவருக்கே உரியது. இன்ஷூர் செய்த தொகையையோ பொருளின் மதிப்பையோ அது மிஞ்சலாகாது. நூறு ரூபாய்ப் பண்டத்தை ஆயிரத்துக்கு இன்ஷூர் செய்து லாபம் காண இயலாது! 2024 ஜூன் 18 அன்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்தது. விதிகள் குறிக்கும் பொறுப்பன்றி வேறில்லை என்பதே அதன் நிலையும். என் மாணவியோ தனியார் நிறுவனம் ஒன்றின் வழியே அனுப்பியிருந்தாள். அவள் காட்டிய ரசீதில் காப்பீட்டுக் கட்டம் வெறுமையாக இருந்தது.