மணலைச் சீவும் இயந்திரமும் மலையகத்துக் கைகளும்

'பங்கர்' என்றதும் இலங்கைத் தமிழர் பலருக்குப் போர்க்காலத்துப் பதுங்குகுழியே நினைவுக்கு வரும். கோல்ப் மைதானத்திலோ அச்சொல் மணல் நிரப்பிய பள்ளத்தைக் குறிக்கிறது. ஸ்கொட்லாந்தின் கரையோர மணல்மேடுகளில் காற்று அரித்த குழிகளும், குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள் உண்டாக்கிய பள்ளங்களுமே அதன் தோற்றுவாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

அந்த விளையாட்டு நமது மலைநாட்டுக்கு வந்தது தோட்டத்துரைமாரோடுதான். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானது. அதன் பின்னர் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. டெய்லரைப் போலவே துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. நான்கே ஆண்டுகளில், 1889இல், நுவரெலியாவில் கோல்ப் கழகம் தோன்றிவிட்டது. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல், பிதுருதலாகலை மலையடியில், நகரின் நடுவே இன்றும் அம்மைதானம் பசுமையாய்க் கிடக்கிறது. செய்தியாளனாக நுவரெலியா செல்லும்போதெல்லாம் அந்தப் பசுமையைப் பராமரிப்போரின் வேலையையே நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன்.

மணற்குழியைச் செம்மைப்படுத்தும் கருவி பற்கள் பொருத்திய வாரி. பந்தை அடிக்க இறங்கியவரின் காலடித் தடங்களை அடுத்தவர் வருமுன் அழிப்பதே அதன் பணி. அதையே தண்டனைக் கருவியாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓக்மொன்ட் மைதானத்தில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கனமான வாரிகளால் மணலில் ஆழமான சால்களை இழுத்துவைத்தனர். சாலுக்குள் விழுந்த பந்தை மீட்பது பெரும்பாடு.

1970களில் இவ்வேலைக்கென மூன்று சக்கர இயந்திரங்கள் பரவின. டோரோ நிறுவனத்தின் 'சாண்ட் ப்ரோ' அவற்றுள் புகழ்பெற்றது. இருக்கையில் அமர்ந்து ஓட்டினால் பின்னால் வாரி இழுபட்டு வரும். பார்வைக்கு எளிதாயினும் அதிலும் நுட்பமுண்டு. குழியின் தாழ்ந்த பக்கமாகவே இறங்க வேண்டும். வேகம் கூடினால், சடுதியாகத் திருப்பினால், மணல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுப்பகுதி மெலிந்துவிடும். வெளியேறும்போது வாரியைச் சிறிது சிறிதாக உயர்த்தாவிட்டால் வாயிலில் மணல் மேடாகக் குவியும். ஒரே தடத்தில் நாள்தோறும் ஓட்டுவதும் ஆகாது.

இனி அந்த இயந்திரத்தால் இயலாததைப் பார்ப்போம். செங்குத்தான சரிவில் அது ஏறினால் மணல் சரியும், புல்விளிம்பு உடையும். எனவே விளிம்பையும் சரிவையும் மனிதன் கைவாரியால்தான் சீர்செய்ய வேண்டும். பெருமழை பெய்தால் சரிவின் மணல் அடியில் வந்து சேரும். சேறும் சிறுகற்களும் கலக்கும். அவற்றை அகற்றி, மணலை மறுபடியும் மேலேற்றுவதில் பெரும்பங்கு மண்வெட்டிக்கே உரியது. சுருங்கச் சொன்னால், இயந்திரம் சமதளத்தை எடுத்துக்கொண்டு, கடினமான ஓரத்தை மனிதனுக்கு விட்டுவைத்தது.

மலையகத்தாருக்கு இது புதிய செய்தியன்று. கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கும் வந்திருக்கின்றன. சரிவு குறைந்த, நிரை ஒழுங்கான மலைகளிலேயே அவை நன்கு பயன்படுகின்றன. கால் வழுக்கும் செங்குத்தில், அட்டைக்கடிக்கு நடுவே, கூடை சுமந்து நிற்பவள் இன்னமும் பெண்தான். முள்ளுக் குத்துவதும் கவ்வாத்து வெட்டுவதும் அத்தகைய கைவேலைகளாகவே வளர்ந்தவை. இயந்திரம் வந்துவிட்டது என்பதைக் காட்டிக் கூலியைக் குறைத்துப் பேசுவோர், எஞ்சிய வேலையின் கடினத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எளிய பகுதி கழிந்தபின் எஞ்சும் வேலைக்குக் கூலி உயர்வதல்லவா நியாயம்?

கழகங்களின் மரப்பலகைகளில் வெற்றியாளர் பெயர்களைப் பொறிப்பது வழக்கம். புல் வெட்டியவன், மணல் சீவியவன் பெயரை அங்கு காணவியலாது. மலையகத்தில் இந்த மறதி சட்டமாகவும் உருவெடுத்தது. இம்மலைகளைத் திருத்தியவர்களின் வழித்தோன்றல்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு வழிதிறந்த சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

தடம் தெரியாதபடி மணலைச் சீவுவது நல்ல தொழிலாளியின் திறமை. அத்தொழிலாளியின் தடத்தையும் சேர்த்து அழித்துவிடுவது வரலாற்றை எழுதுவோரின் குறை.