இளவட்டக்கல்லும் ஒத்தை செட்டும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கல்லுகிட்ட தோத்துட்டு வந்தேன். அந்தக் கதைதான் இது.

நமக்கு வைகை அணைக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கிராமம். மந்தையில வழவழன்னு ஒரு உருண்டைக் கல் கிடக்கு. இளவட்டக்கல். இப்பல்லாம் பசங்க அதுமேல உட்கார்ந்து செல்போன் பார்க்குறாங்க. குத்தவச்சு, கல்லைக் கட்டிப்பிடிச்சு, முழங்காலுக்கு ஏத்தி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்குப் பின்னாடி போடணும். இதைத் தூக்குறவனுக்குத்தான் பொண்ணுன்னு சொல்லுவாங்க. கல்யாணக்கல்னும் ஒரு பேர் உண்டு. நெல்லைப் பக்கம் வடலிவிளையில இன்னைக்கும் பொங்கலுக்குப் போட்டி நடக்குது.

எட்டு மாசமா ஜிம்முக்குப் போற தைரியத்துல நானும் குனிஞ்சேன். முழங்காலோட சரி. இடுப்பு "போதும்டா"ன்னுடுச்சு :-(

என் பயிற்சி முறை 'ஹிட்'. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே ஒரு செட், ஆனா இனி ஒரு தடவைகூட முடியாதுங்கிற வரைக்கும். வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம். இதைப் பிரபலமாக்கியவர் ஆர்தர் ஜோன்ஸ். 1970-ல் நாட்டிலஸ் எந்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்கர். பாடிபில்டர்கள் மணிக்கணக்கா, இருபது செட் அடிச்சுக்கிட்டிருந்த காலம் அது. 1973-ல் கொலராடோவில் கேசி வியேட்டர் என்பவரை 28 நாள் பயிற்சி செய்யவச்சு, சுமார் 28 கிலோ தசை ஏறியதா அறிவிச்சார். ஆனா வியேட்டர் 1971-லயே மிஸ்டர் அமெரிக்கா. விபத்துல சிக்கி இளைச்சுப்போயிருந்தவர். இழந்த உடம்பு திரும்பி வர்றது வேற, புதுசா ஏத்துறது வேற இல்லையா?

அடுத்து மைக் மென்ட்ஸர், 1978-ல் முழு மதிப்பெண்ணோட மிஸ்டர் யுனிவர்ஸ். அப்புறம் டோரியன் யேட்ஸ், 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு மிஸ்டர் ஒலிம்பியா. யேட்ஸ் 'ஒரு செட்'னு சொன்னாலும், அதுக்கு முன்னாடி வார்ம்-அப் செட்டுகள் உண்டு. ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒத்துக்கிட்டார். கடைசியில தசை கிழிஞ்சுதான் ஓய்வு பெற்றார்.

இதையெல்லாம் திண்ணையில உட்கார்ந்து தாய்மாமாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் அந்தக் காலத்துல கல்லைத் தோளுக்கு மேல போட்ட ஆளு. "நம்ம ஊர்லயும் ஒரே தடவைதானே மாமா தூக்குனீங்க?"ன்னு மடக்கினேன். சிரிச்சார்.

"கல்லைத் தூக்கியா மாப்ள பலம் வந்துச்சு? கமலை இறைச்சு, வரப்பு வெட்டி, பருத்தி மூட்டை சுமந்து வந்துச்சு. கல்லு சும்மா அளந்து பார்க்கத்தான்."

பொறியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் பரீட்சையையே படிப்புன்னு நெனச்சிருக்கேன்!

அதுக்காக ஹிட் வேஸ்ட்டுன்னு சொல்ல வரலை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு செட்டே நல்ல பலன் தரும். நம்மள மாதிரி நாற்காலி ஆசாமிகளுக்கு நேரம் மிச்சம். ஓய்வும் கிடைக்கும். பலம் கூடறதுக்கு எத்தனை செட்டுங்கறதைவிட எவ்வளவு எடைங்கறதுதான் முக்கியம். ஆனா தசை வளரணும்னா கணக்கு மாறுது. ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2017-ல் வெளியிட்ட தொகுப்பாய்வுப்படி, வாரத்துக்குச் செய்யற செட்டுகள் கூடக்கூட வளர்ச்சியும் கூடுது. இன்னொரு ஆபத்து: களைச்சுப்போன கடைசி தடவையிலதான் முதுகு வளையும். எந்திரத்துல பரவாயில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட்ல இது விஷப்பரீட்சை.

மறுநாள் அணைக்குப் போயிருந்தோம். 1959-ல் திறந்தது, முழுக் கொள்ளளவு 71 அடி. "இது ஒரே மழையில நெறைஞ்சதா மாப்ள?"ன்னார் மாமா. மனுஷன் விடறதா இல்லை :-)

இப்ப வாரம் மூணு நாள். ஒவ்வொண்ணுக்கும் மூணு செட், ரெண்டு தடவை பாக்கி இருக்கும்போதே நிறுத்திடுறேன். மாசத்துக்கு ஒருநாள் மட்டும் எடையை ஏத்தி அளந்து பார்க்கறது. அடுத்த பொங்கலுக்கு நெஞ்சு வரைக்குமாவது ஏத்தணும். மாமாவுக்கு வயசாகிட்டே போகுது, அவர் பார்க்கணும்.

உங்க ஊர் மந்தையிலயும் கல் கிடந்தா, யார் கடைசியா தூக்குனாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு வைங்க.