புகையை அடக்கும் கருவிகளும் அவை எழுப்பும் ஓசைகளும்



கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை மாறும் நேரத்தில் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். லூனாஸ், பாடாங் செராய் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் வரிசையாக வரும். தோட்டத்துப் பிள்ளைகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார்களும் அவற்றில் உண்டு. ஒன்று அடியில் தகரம் கலகலக்கப் போகும். மற்றொன்று சீட்டியடித்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவருக்கோ மனம் அடித்துக்கொள்ளும். எஞ்சின் போய்விட்டதோ, எத்தனை வெள்ளி ஆகுமோ என்று.

பல சமயங்களில் அந்த ஓசை எஞ்சினுடையதே அல்ல. புகையை அடக்குவதற்காக எஞ்சினைச் சுற்றிப் பொருத்திய கருவிகளுடையது. அவை காருக்குள் வந்த கதை தெரிந்தால், ஓசையின் காரணமும் பாதி விளங்கிவிடும்.

தொடக்க காலக் கார்களில் இந்தக் கருவி எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் கசியும் வாயுவை ஒரு குழாய் வழியே சாலையில் விட்டுவிடுவார்கள். அப்போது பெருந்தொல்லையாக இருந்தது எஞ்சினின் 'தட்டல்' ஓசைதான். அதை அடக்க வழி தேடிய அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லி, 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தார். தட்டல் நின்றது. ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளியேறி உலகெங்கும் பரவியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. ஓர் ஓசையை அடக்கப் போட்ட மருந்துக்கு உலகம் கொடுத்த விலை இது!

பிறகு 1950 வாக்கில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தார். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்! கார்ப் புகையும் எண்ணெய் ஆவியும் வெயில் பட்டு மாறியே அந்த மூட்டம் உண்டாகிறது என்று அவர் காட்டினார். அதன் பின்னரே கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1961இல் கலிபோர்னியாவின் புதுக் கார்களில், கசியும் வாயுவை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் சிறு வால்வு வந்தது. சில ஆண்டுகளில், புகைக்குழாய்க்குள் காற்றை ஊதும் பம்பு. அடுத்து, புகையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி எரியும் சூட்டைத் தணிக்கும் வால்வு. 1975இல், புகையிலுள்ள நஞ்சை மாற்றிவிடும் வினையூக்கிப் பெட்டி. உள்ளே தேனடை போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். ஆகவே பெட்டி வந்ததும் ஈயம் வெளியேற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் புரோட்டான் சாகா வெளிவந்த அதே 1985ஆம் ஆண்டில்தான் பெட்ரோலின் ஈயத்தைக் குறைக்கும் விதிகளும் வந்தன. 1990களில் ஈயமற்ற பெட்ரோல் பரவியது. கூலிம் பூங்கா திறக்கப்பட்ட 1996இல், பெட்ரோல் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. இன்று அந்தப் பூங்காவிலேயே, 2006 முதல் இயங்கும் இன்பினியன் ஆலையில், கார்களுக்கும் பயன்படும் மின்சில்லுகள் தயாராகின்றன.

இனி ஓசைகளுக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது மேற்பக்கத்தில் சீட்டி கேட்டால், எண்ணெய் அளக்கும் கம்பியைச் சற்றே உருவிப் பாருங்கள். சீட்டி நின்றுவிட்டால், கசிவு வாயு வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம். பழைய மாதிரி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும்; ஆடாவிட்டால் கரி பிடித்து அடைத்திருக்கிறது. ஆடினால் நல்லது என்று சொல்லக்கூடிய பொருள் காரில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மேடு ஏறும்போது உண்டியலில் சில்லறை குலுக்குவது போல் கேட்டால், புகையைத் திருப்பும் வால்வு மூடியபடியே இறுகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது மெல்லிய 'டிக் டிக்' மட்டும் என்றால் பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் வால்வாக இருக்கலாம். அது தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள்.

அடியில் கலகலக்கும் ஓசைதான் அதிகம் பயமுறுத்துவது. எனக்கே ஒருமுறை ஒரு பட்டறையில், எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொன்னார்கள். வேறொருவர் படுத்துப் பார்த்தார். வினையூக்கிப் பெட்டிக்கு மேலிருந்த வெப்பத் தகடு துருவேறி, ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஓர் இரும்புப் பட்டையால் இறுக்கினார், தீர்ந்தது. வண்டி நன்றாக ஆறிய பின் பெட்டியைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். தகரம் அதிர்ந்தால் தகடு. உள்ளே கூழாங்கல் உருள்வது போல் கேட்டால், பீங்கான் உடைந்துவிட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகாதீர்கள்.

பீங்கான் உடைந்தால் சிலர், 'உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு ஓட்டலாம், சத்தமும் போகும், வேகமும் வரும்' என்பார்கள். பழைய பெட்டிக்கு நல்ல காசும் தருவார்கள். சத்தம் போகும், உண்மைதான். ஆனால் வீட்டு வாசலில் வண்டியைச் சூடேற்றும்போது, வடிகட்டாத அந்தப் புகை திண்ணையில் விளையாடும் பிள்ளைகளின் மூக்கில்தான் ஏறும். அந்தப் புகையின் தீமை நமக்குத் தெரியும்.

இன்னொன்று. பீங்கான் தானாகப் பெரும்பாலும் உடைவதில்லை. பிளக் சரியாகப் பொறி விடாதபோது, எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகி நொறுங்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் பெட்டி வைத்தால், அதுவும் சில மாதங்களில் கலகலக்கத் தொடங்கும். எனவே பட்டறைக்காரர் புதுப் பெட்டியை எடுத்து வருமுன், பழைய பிளக்கைக் கழற்றித் தரச் சொல்லி உங்கள் கையிலேயே வைத்துப் பாருங்கள்.