இரவல் இருக்கை

கிளிவெட்டி வயல்வெளிக்கு மேலாக உலங்கு வானூர்தி ஒன்று பறக்குமானால், இங்கே இரண்டு தலைமுறைகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. முற்றத்தில் நெல்லைக் காயவிட்டுக் காவலிருக்கும் என் தாயார், அந்த ஒலி கேட்டதும் இன்றுங்கூட வானத்தைப் பார்ப்பதில்லை. பாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். போர் 2009இல் முடிந்தது. ஆனால் அவருடைய கால்கள் அதை இன்னும் நம்பவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளோ போர் ஓய்ந்த பின் பிறந்தவர்கள். அதே ஒலி கேட்டால் பாடத்தை மறந்து சாளரத்துக்கு ஓடுகிறார்கள்.

அவ்வாறு ஓடிய ஒருநாளில், பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, “டீச்சர், அந்த ஹெலியை ஓடப் படிக்கிறதெண்டா என்ன பாடம் எடுக்கோணும்?” என்று கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். “முதல்ல சைக்கிளை விழாம ஓடு” என்றான் ஒருவன். அவள் வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள் போலும். மறுநாள் வாயிலில் என்னைக் கண்ட அவளுடைய அப்பப்பா சிரிக்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளை ஓடினா மட்டும் மேலயிருந்து விழுறது பூவாகவோ விழும், டீச்சர்?” என்றார்.

பையன்களின் சிரிப்புக்கு விடை கூறுவது எளிது. முதியவரின் கேள்விக்கு எளிதன்று. அந்த இருக்கையில் யார் அமர்வது என்பது ஒரு வினா. அந்த எந்திரம் எதற்காகப் பறக்கிறது என்பது வேறொரு வினா. பெண்ணுக்கு அவ்விருக்கை எப்பொழுதெல்லாம் தரப்பட்டது, எப்பொழுதெல்லாம் திருப்பி வாங்கப்பட்டது என்று பார்த்தோமானால், இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். சைக்கிளைப் பற்றிப் பேசிய மாணவன், தான் ஒரு வரலாற்றைத் தொட்டதை அறியான். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலே 1991-92இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டமும் கற்பித்தபொழுது, சைக்கிளில் ஏறிய உழைக்கும் பெண்கள் தெருவெங்கும் ஏளனப் பேச்சைக் கேட்டே கடந்தார்கள். ஆயிரமாயிரமாய் அவர்கள் ஓட்டத் தொடங்கிய பின்னர் ஏளனம் செய்ய ஆளில்லாமற் போயிற்று. குடத்தைச் சுமந்து நடந்தவள் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள்; அவ்வளவே நிகழ்ந்தது. உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

உலங்கு வானூர்தியை ஓட்ட உடல்வலிமை வேண்டுமென்று நினைப்பவர் அதன் உள்ளே எட்டிப் பார்த்தவரல்லர். எந்திரத்தை மேலெழுப்பவும் இறக்கவும் இடக்கையில் ஒரு நெம்புகோல். எத்திசையிற் சாய்ந்து செல்வது என்பதற்கு வலக்கையில் ஒரு கோல். வாலிற் சுழலும் சிறு விசிறியை அடக்கி முகத்தைத் திருப்ப இரு பாதங்களுக்கும் மிதிகள். இரு கைகளும் இரு கால்களும் ஒரே வேளையில் வெவ்வேறு வேலை செய்யவேண்டும். ஒன்றை அசைத்தால் மற்ற மூன்றையும் அதற்கேற்பத் திருத்தவேண்டும். தசையன்று, ஒத்திசைவே இதற்கு மூலதனம். கால்மிதித் தையல் எந்திரத்தில் இருந்து வளைவான கழுத்துப் பட்டியைத் தைக்கும் பெண்ணைப் பார்த்தவர்கள் இந்தத் திறமை எங்கள் வீடுகளிலே குறைவாக இருக்கிறதென்று சொல்லமாட்டார்கள்.

உண்மையில், உலங்கு வானூர்தி பிறந்த காலத்திலேயே பெண்ணொருத்தி அதனை ஓட்டிவிட்டாள். 1938 பெப்ரவரியில் பேர்லின் நகரத்து மண்டபமொன்றின் கூரையின் கீழே, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், ஃபொக்க-வுல்ஃப் 61 என்ற எந்திரத்தை இரவுக்கிரவு எழுப்பி, அந்தரத்தில் நிறுத்தி, இறக்கிக் காட்டியவர் ஹன்னா ரைட்ச். அதனைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காட்சி ஜெர்மனி இழந்த ஆபிரிக்கக் குடியேற்றங்களின் பழம்பெருமை பேசிய கேளிக்கையின் ஓர் அங்கம். பெண்ணின் இடம் அடுப்பங்கரையும் தொட்டிலுமென்று சட்டமாகவும் உபதேசமாகவும் ஓதிய அதே ஹிட்லர் ஆட்சி, தன் எந்திரத்தின் எளிமையை உலகுக்கு விளம்பரப்படுத்த ஒரு பெண்ணை அதில் ஏற்றி வைத்தது. “பாருங்கள், பெண்ணே ஓட்டக்கூடிய அளவுக்கு எளிது” என்பதே அந்த விளம்பரத்தின் உட்பொருள். ரைட்ச் அந்த ஆட்சிக்கு இறுதிவரை உவந்து பணியாற்றினார். இருக்கை கிடைத்ததாற் பெண்ணினத்துக்கு விடுதலை கிடைத்ததென்று எண்ணுவோர் இவ்விடத்திற் சற்றே நின்று போகவேண்டும்.

போர் மூண்டதும் இரவற் கணக்குத் தொடங்கியது. பிரித்தானியாவில் போர்விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணிக்குப் பெண்களைச் சேர்த்தபொழுது, விமானத்துறைப் பத்திரிகாசிரியர் ஒருவர், மருத்துவமனைத் தரையை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவளெல்லாம் குண்டுவீச்சு விமானம் கேட்கிறாள் என்ற பொருள்பட எழுதினார். தேவை மிகுந்தது, ஏளனம் அடங்கியது, 1943இல் அப்பெண்களுக்கு ஆண்களோடு சமசம்பளமும் வந்தது. 1945இல் போர் முடிந்தது, அமைப்பும் கலைந்தது. சோவியத் நாட்டிலே மரீனா ராஸ்கோவாவின் முயற்சியால் 1941இல் பெண்களின் விமானப்படைப் பிரிவுகள் மூன்று உருவாகின. அவற்றுள் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவினர் மரத்தாலும் துணியாலும் ஆன பழைய பயிற்சி விமானங்களிற் சென்று பாசிசப் படைகளின் உறக்கத்தைக் கெடுத்தனர். அவர்களின் பெருமையை நாம் பலமுறை மேடையிற் பேசியிருக்கிறோம். ஆனால் 1945 ஒக்டோபரில் அந்தப் பிரிவும் கலைக்கப்பட்டது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. முதலாளித்துவ நாடாயினும் சோசலிச நாடாயினும், ஆபத்துக்காலத்தில் இரவல் கொடுத்த இருக்கையைச் சமாதானத்தில் திருப்பிக் கேட்கும் பழக்கம் ஒன்றாகவே இருந்தது. இதனை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வலெரி அந்த்ரே என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் கதை சற்று வேறு. அவர் இராணுவ மருத்துவர். 1948இல் இந்தோசீனாவுக்கு அனுப்பப்பட்டார். வாகனம் நுழையாத காட்டுக்குள்ளே காயமுற்றுக் கிடந்தவர்களை அணுக வழியில்லாததைக் கண்டு, தாமே உலங்கு வானூர்தி ஓட்டக் கற்றார். அக்காலத்து ஹில்லர் எந்திரம் வலுக் குறைந்தது. காயமுற்றோரை இருபுறமும் வெளியே கட்டிய தூக்குப்படுக்கைகளிற் கிடத்திக் கொண்டுவரவேண்டும். வெப்ப நாட்டின் மெல்லிய காற்றிலே ஓட்டுநரின் எடை ஒவ்வோர் இறாத்தலும் கணக்கில் வந்தது. மெலிந்த உடலுடைய அந்தப் பெண் அமர்ந்தாற் காயக்காரருக்குக் கூடுதல் இடமுண்டு! பெண்ணின் உடல் குறையென்று கூறப்பட்ட அதே இடத்தில் அது நிறையாயிற்று. 129 பறப்புகளில் 165 பேரை அவர் கொண்டுவந்து சேர்த்தார். 1976இல் பிரான்சின் முதற்பெண் ஜெனரலானார். 2025இல், நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். அவர் பணிபுரிந்த படை வியட்நாமிய மக்களின் விடுதலையை நசுக்கப் போன படை. காயமுற்றவனைத் தூக்கி வருவது மாண்புதான். அவனை அங்கே அனுப்பிய கொள்கைக்கு அந்த மாண்பு மன்னிப்பாகாது. இரண்டையும் ஒருசேர நினைவில் வைப்பது கடினமாக இருக்கிறது. வரலாறு நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இத்தகைய கடினத்தையே.

இந்தியாவுக்கு வருவோம். 1999இல் கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனா, சிறீவித்யா ராஜன் என்ற இளம் அதிகாரிகள் இருவர் சீற்றா வகை உலங்கு வானூர்திகளை மலைமுகடுகளுக்கிடையே ஓட்டிக் காயமுற்றோரை இறக்கினர். அவர்கள் உதம்பூர்த் தளத்தில் சேர்ந்தபொழுது பெண்களுக்கென்று தனிக் கழிப்பறையோ உடைமாற்றும் அறையோ இருக்கவில்லை. இது சிறு விடயமாகத் தோன்றலாம், அன்று. உடல்வலிமை இல்லையென்ற வாதம் தோற்றது. மனவுறுதி இல்லையென்ற வாதமும் தோற்றது. தோற்றுத் தோற்றுப் பின்வாங்கிய ஆட்சேபம் கடைசியாகக் கட்டிய கோட்டை கழிப்பறை. நான்கு சுவரும் ஒரு கதவும் கட்டினால் விழுந்துவிடும் கோட்டை. பெண்பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துவதன் காரணத்தைத் தேடிய ஆசிரியர்களுக்கு இந்தக் கோட்டையை நன்றாகத் தெரியும்.

கார்கிலிற் பறந்த குஞ்சன் 2004இல் சேவையை விட்டு நீங்கினார். தகுதிக்குறைவினாலன்று. பெண்களுக்கு விமானப்படை அளித்தது குறுகியகாலப் பணி மாத்திரமே; தவணை முடிந்தால் வெளியேறவேண்டும். இரவல் என்று நான் சொல்வது உவமையன்று, எழுத்திலே இருந்த நிபந்தனை. 2010இல் தில்லி உயர்நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரவேண்டுமென்று தீர்ப்பளித்தது. தரைப்படை தொடர்பில் அரசு மேன்முறையீடு செய்தது. அவ்வழக்கிலே அரசுத் தரப்பு கூறிய வாதங்களுள் ஒன்று, படைவீரர் பெரும்பாலும் கிராமத்துப் பின்னணி உடையவர்கள், பெண்ணின் கட்டளையை ஏற்க அவர்களின் மனம் பக்குவப்படவில்லை என்பது. 2020 பெப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. கிராமத்தில் வாழ்பவளாகிய எனக்கு அந்த வாதத்தைப் படித்தபொழுது சிரிப்பும் சினமும் ஒருங்கே வந்தன. தலைநகரத்து மேசையிலிருப்போர் தங்கள் மனத்தின் பக்குவமின்மையை மறைக்க வயலில் நிற்கும் உழவனை முன்னே தள்ளிவிடுகிறார்கள்! அந்த உழவன் அறுவடைக் கூலியைப் பெண் கங்காணியிடம் கைநீட்டி வாங்கியவன்.

2020இல் குஞ்சனின் வாழ்க்கை திரைப்படமாக வந்தபொழுது, தன்னை இழிவாகக் காட்டியதென்று விமானப்படை தணிக்கைக் குழுவுக்கு எழுதிற்று. சிறீவித்யா ராஜனும், நிகழ்ந்தவை திரிக்கப்பட்டுள்ளன, தாமும் அங்கே பறந்தது கூறப்படவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறினார். ஒரு பெண் சாதித்தால் அவள் அதிசயம்; இருவர் சாதித்தால் அது வழமையாகிவிடும். வழமையைத் திரையரங்கில் விற்கமுடியாது போலும். 2022இல் அபிலாஷா பராக் இந்தியத் தரைப்படை வான்பிரிவின் முதற்பெண் போர்விமானியானபொழுதும் தலைப்புச் செய்தி ‘முதற்பெண்’ என்பதுதான். எண்பத்து நான்கு ஆண்டுகளாக ‘முதற்பெண்’ணைக் கண்டு வியந்துகொண்டே இருக்கிறோம், இரண்டாம் பெண்ணின் பெயரையும் மூன்றாம் பெண்ணின் சம்பளத்தையும் எப்பொழுது விசாரிக்கப் போகிறோம்?

எங்கள் நாட்டுக் கணக்கு இன்னும் விந்தையானது. உலகின் முதற்பெண் பிரதமரை 1960இல் தந்த தீவு இது. இதன் விமானப்படை 1951இல் நிறுவப்பட்டது. அதன் முதற்பெண் விமானிகள் என்று இருவருக்கு இறக்கைச் சின்னம் சூட்டப்பட்டது 2020 நவம்பரில். சூட்டிய இடம் சீனன்குடா. கொட்டியாரக் குடாவின் இக்கரையில் நாங்கள், அக்கரைப் பக்கம் அந்தத் தளம். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட அதே தளம். நாட்டை ஆளப் பெண்ணை ஏற்றுக்கொண்ட சமூகம், நெம்புகோலைப் பிடிக்க அவளை ஏற்க மேலும் அறுபது ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆட்சிப்பீடம் கணவன் வழியாகவோ தந்தை வழியாகவோ வரலாம். எந்திரத்தின் திறமை அப்படி வருவதில்லையல்லவா?

எங்கள் பக்கத்திலும் இரவல் நடந்தது. போராட்ட இயக்கத்திலே ஆயுதமேந்திய பெண்கள் கனரக வாகனங்களையும் ஓட்டினார்கள். 2009க்குப் பின்னர் அவர்களிற் பலர், தமக்கு ஓட்டத் தெரியும் என்பதையே அயலாரிடம் சொல்லத் தயங்கி வாழ்கிறார்கள். திருமணப் பேச்சில் அது தகுதியாக அன்று, குற்றமாக எண்ணப்படுகிறது.

இனி முதியவரின் வினா. சோவியத் பெண் விமானி கலீனா ரஸ்தர்குயேவா 1975இல் ஏ-10 என்ற உலங்கு வானூர்தியை மணிக்கு 340 கிலோமீற்றருக்கு மேலான வேகத்திற் செலுத்தி உலகச் சாதனை படைத்தார். மாணவியாயிருந்தபோது இச்செய்தியை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது, ஏ-10 என்பது எம்.ஐ-24 என்ற தாக்குதல் எந்திரத்தின் சாதனைக்கான வடிவமென்று. 1995இலிருந்து இலங்கை விமானப்படை வாங்கிப் போரிலே பயன்படுத்தியதும் அதே எம்.ஐ-24. என் குறிப்பேட்டின் பெருமையும் என் தாயாரின் நடுக்கமும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆயினும், எந்திரத்தின் பாவத்தைக் காட்டிப் பெண்ணுக்கு மட்டும் இருக்கையை மறுப்பது நேர்மையாகுமா? ஆணொருவன் அந்த வேலைக்குப் போக விரும்பினால், முதியவர் அதே கேள்வியைக் கேட்டிருப்பாரா? நான் அவரை நேரிற் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “கேட்டிருப்பன். ஆனா உரத்துக் கேட்டிருக்க மாட்டன்” என்றார். நேர்மையான மனிதர். சுனாமி அடித்த 2004இல் இக்கரையோரத்துக்கு உணவுப்பொதி இறக்கியதும் உலங்கு வானூர்திதான் என்பதை அவரே நினைவுபடுத்தினார். இந்திய விமானப்படையின் தீபிகா மிஸ்ரா, 2021இல் மத்தியப் பிரதேசத்து வெள்ளத்திலிருந்து மக்களை மீட்டதற்காக 2023இல் வீரப்பதக்கம் பெற்றதை நான் சொன்னேன். மாவலி பெருகினால் எங்கள் வயலும் கடலாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. “அப்ப, சீருடை போடாம அந்த வேலை செய்ய ஏலாதோ?” என்று கேட்டார். இந்நாட்டில் இராணுவத்துக்கு வெளியே அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு, கூலிக்கு நாற்று நடும் குடும்பத்தின் கனவுக்கும் எட்டாதது என்று சொல்ல நேர்ந்தது. விடுதலை பெற்ற பெண்ணாகப் பறக்க விரும்பினாலும், பணமில்லாதவளுக்குத் திறந்திருக்கும் கதவு படையின் கதவு ஒன்றே. அதுவும் எங்கள் பிள்ளைக்கு வேறொரு மொழியில் எழுதிய கதவு. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாணவிக்கு விடை சொல்லிவிட்டேன்: இணைந்த கணிதம், பௌதிகவியல், அவற்றோடு ஆங்கிலம். உயர்தரத்தில் அவ்விரு பாடங்களுக்கும் இப்பக்கத்துச் சிறு பாடசாலைகளில் ஆசிரியர் கிடைப்பதரிது; நகரத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, காலையில் திருகோணமலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.